சுடரை நம்பாத உலைகள்

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலைச் செந்தில் கையில் பிடித்துப் பார்த்து நொறுக்கிவிடும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. கவுண்டமணியின் ஆத்திரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். இது எப்படி எரிகிறது என்ற செந்திலின் சந்தேகம் அப்படியே நின்றுபோனது. உண்மையில் அது நல்ல இயற்பியல் கேள்வி. எரிவது மண்ணெண்ணெய். வெளிச்சமோ அந்த வெள்ளை வலையிலிருந்து வருகிறது. ஏன்?

நன்றாக எரியும் சுடர் நீலமாக இருக்கும். அதில் சூடு ஏராளம். ஆனால் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே அனுப்பும் திறமை அதற்குக் குறைவு. ஆஸ்திரியாவின் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் காப்புரிமை பெற்ற மேன்டில், அந்தக் குறையைச் சரிசெய்த ஒரு திடப்பொருள். பருத்தி வலையை உலோக உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால், நூல் போய் ஆக்சைடு எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். 1891 வாக்கில் அவர் கண்ட கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு அகச்சிவப்புக் கதிர்களை அதிகம் உமிழாததால் வெப்பத்தை இழக்காமல் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவது அந்த ஒரு பங்கு சீரியம். தோரியத்துக்கான தேடல் நம் கடற்கரை வரை வந்தது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்ததன் தொடக்கம் அதுதான்.

விளக்கின் கதை இத்துடன் முடியலாம். ஆனால் எஃகு உருக்கும், கண்ணாடி காய்ச்சும், தகடு பதப்படுத்தும் பெரிய உலைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. அங்கே வேண்டியது ஒளி அல்ல, வெப்பக் கதிர். மற்றபடி கணக்கு ஒன்றுதான்.

ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலையில் பொருளைச் சூடாக்குவது பெரும்பாலும் கதிர்வீச்சுதான். சூடான காற்று உரசிப் போவதால் கிடைப்பது சிறு பங்கு. ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் கண்ட விதிப்படி, கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. 300 டிகிரி செல்சியஸில் ஒரு கரும்பரப்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் உமிழும். 1,200 டிகிரியில் அதே பரப்பு 267 கிலோவாட் உமிழும். அங்கிருந்து இன்னும் நூறே டிகிரி கூட்டினால் கதிர்வீச்சு 30 சதவீதம் எகிறிவிடும். உலைக்காரர்கள் வெப்பநிலையைத் துரத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்படியானால் சுடரின் வெப்பத்தைப் பொருளுக்கு அனுப்புவது யார்? ஒரு பங்கு மீத்தேன் எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன் போதும். ஆனால் ஆக்சிஜன் தனியாக வருவதில்லை. காற்றிலிருந்து ஏழரைப் பங்கு நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு வருகிறது. எரிந்து முடிந்த புகையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் அந்த நைட்ரஜன்தான். அது எரியாது, அகச்சிவப்பில் கதிரும் வீசாது. சூட்டை வாங்கிக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். கதிர்வீசுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டும். அவையும் எல்லா அலைநீளங்களிலும் வீசுவதில்லை, 2.7, 4.3, 6.3 மைக்ரான் என்று சில பட்டைகளில் மட்டும் வீசும், இடைப்பட்ட அலைநீளங்களில் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கிடக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹாய்ட் ஹாட்டல் என்ற பொறியியலாளர் 1920-களிலிருந்து பல ஆண்டுகள் உழைத்து இதை அளந்து வரைபடங்களாக்கினார். பல தலைமுறை உலை வடிவமைப்பாளர்கள் அவற்றை வைத்தே கணக்குப் போட்டார்கள்.

மஞ்சள் சுடரில் கரித்துகள்கள் இருப்பதால் அது நீலச் சுடரைவிட நன்றாகக் கதிர்வீசும். அதை ஆராய்வதற்கென்றே 1948-இல் நெதர்லாந்தின் ஐமௌடன் நகரில் சர்வதேசச் சுடர் ஆய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. ஆனால் கரித்துகளை வேண்டுமென்றே உண்டாக்கினால் அது எரியாத கரியாகவும் வெளியேறும். எனவே பெரும்பாலான உலைகள் மேன்டிலின் வழியையே வேறு அளவில் பின்பற்றுகின்றன: சுடர் சுவரைச் சூடாக்கும், சுவர் பொருளைச் சூடாக்கும்.

செலவைப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க, கொஞ்சம் கூடுதல் காற்றோடு இயற்கை எரிவாயு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். புகை 1,000 டிகிரியில் வெளியேறினால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி அதோடு போகிறது. 1,400 டிகிரியில் வெளியேறினால் பத்தில் ஏழு பங்கு போகிறது. பொருளுக்கும், சுவரில் கசிவதற்கும், கதவு திறக்கும்போது இழப்பதற்கும் சேர்த்து மிஞ்சுவது மூன்று பங்கு மட்டும். உலை எவ்வளவு கடினமான வேலை செய்கிறதோ அவ்வளவு வீணாக்கும். எத்தனை உயர்ந்த பர்னர் வாங்கிப் பொருத்தினாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. பர்னரின் வேலை எரிபொருளை முழுமையாக எரிப்பது. அதை இன்றைய பர்னர்கள் ஏற்கெனவே செய்துவிடுகின்றன.

திருத்தம் செய்ய வேண்டிய இடம் புகைபோக்கி. வெளியேறும் புகையின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிவிட்டால் என்ன? ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் சீமென்ஸ் 1856-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் அறைகள் இரண்டு. சிறிது நேரம் சூடான புகை ஓர் அறை வழியே வெளியேறிச் செங்கற்களைச் செஞ்சூடாக்கும். பிறகு திசையை மாற்றி, எரிப்புக் காற்றை அதே அறை வழியே உள்ளே இழுப்பார்கள். ஒன்று சூட்டை வாங்கும்போது இன்னொன்று கொடுக்கும். இதைத் தொழிலாக வளர்த்தவர் இங்கிலாந்தில் குடியேறிய அவருடைய அண்ணன் வில்லியம். பர்மிங்காம் அருகே சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலையில் இந்த உலையை நேரில் பார்த்த மைக்கேல் ஃபாரடே, 1862 ஜூன் 20 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் அதைப் பற்றிப் பேசினார். புகழ்பெற்ற அந்த வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில் அவர் கடைசியாக ஆற்றியது அதுதான். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் தன் இறுதிப் பேச்சுக்கு ஓர் உலையைத் தேர்ந்தெடுத்தார் என்பது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

இதே அறிவு இந்தியாவின் சிறுதொழிலுக்கு வந்து சேர ஒரு நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

உத்தரப் பிரதேசத்தில் ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஃபிரோசாபாத். நாட்டின் கண்ணாடி வளையல்களில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. அந்த ஊரின் பானை உலை வட்ட வடிவமானது. சுற்றிலும் களிமண் பானைகள், நடுவே தரையில் ஒரு கண். கீழே நிலக்கரி எரியும். தீ அந்தக் கண் வழியே எழும்பி, மேலே குவிந்த கூரையில் மோதிப் பரவி, பானைகளுக்கு இடையே இறங்கி வெளியேறும். பானைக்குள் இருக்கும் கண்ணாடியைக் காய்ச்சுவதில் பெரும்பங்கு செஞ்சூடான கூரையின் கதிருக்கு. கண்ணாடி உருக ஏறத்தாழ 1,400 டிகிரி வேண்டும். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்கும் அடுப்பு அல்ல இது, பானைகள் வெடித்துவிடும். வளையல் விற்றாலும் விற்காவிட்டாலும் தீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

தாஜ் மகாலைக் காக்க வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தாஜைச் சுற்றிய சரிவகப் பகுதியில் உள்ள ஆலைகள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம்பெயர வேண்டும். ஃபிரோசாபாத்தும் அந்தச் சரிவகத்துக்குள் இருந்தது. குழாய் வழியே எரிவாயு வந்தது. உலை முதலாளிகள் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள்: பழைய நிலக்கரி உலையிலேயே எரிவாயு பர்னரைச் செருகினார்கள். கரும்புகை நின்றது. ஆனால் உலையின் உடம்பு பழையதுதான்; 1,400 டிகிரிப் புகை முன்போலவே நேராக வானத்துக்குப் போனது. விலை உயர்ந்த எரிபொருளை வாங்கி, மலிவான எரிபொருளுக்காகக் கட்டிய உலையில் எரித்தார்கள்.

தில்லியின் டெரி நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி அமைப்போடு சேர்ந்து 1990-களின் நடுவிலிருந்தே இந்தச் சிறு உலைகளை ஆராய்ந்துவந்தது. தீர்ப்புக்குப் பிறகு எரிவாயுவுக்கென்றே புதிய பானை உலையை வடிவமைத்தது. 2000-இல் முதல் உலை எரியத் தொடங்கியது. அதன் மையம் ரெக்யூபரேட்டர் என்ற உலோகக் கருவி. ஒரு பக்கம் சூடான புகை, மறுபக்கம் எரிப்புக் காற்று, இடையே தகடு. சீமென்ஸின் அறைகளைப் போலத் திசை மாற்றும் வேலை கிடையாது, அதனால் சின்ன உலைக்கு ஏற்றது. எரிபொருள் நிலக்கரி உலைக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ பாதியாகவும், ஒட்டுப்போட்ட எரிவாயு உலைக்குத் தேவைப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்காகவும் குறைந்தது.

இது மாயமல்ல, கணக்கில் வருவதுதான். எரிப்புக் காற்றை 600 டிகிரிக்குச் சூடாக்கினால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 23 சதவீதம் உலைக்குத் திரும்புகிறது. 1,400 டிகிரிப் புகை உள்ள உலையில் முன்பு 30 சதவீதம்தான் உள்ளே மிஞ்சியது, இப்போது 53. அதே வேலைக்கு எரிபொருள் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைகிறது. 1,000 டிகிரி உலையில் அதே 600 டிகிரிக் காற்று தரும் மிச்சம் 30 சதவீதம் மட்டும். மோசமாக வீணாக்கும் உலையில்தான் மீட்பும் அதிகம். பணம் போட யோசிக்கும் முதலாளிக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும். கருவியின் விலையை எதிரே எழுதிக்கொள்ள அவருக்கே தெரியும்.

உலைச் சுவரில் பூசும் உயர் உமிழ்திறன் பூச்சு பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை விற்பவர்கள் வாக்குறுதிகளில் தாராளமானவர்கள். நன்றாகக் காப்பிட்ட சுவர் தன்மேல் விழும் வெப்பத்தை எதிரொளித்தோ, உறிஞ்சி மறுபடி உமிழ்ந்தோ, எப்படியும் உலைக்கே திருப்பித் தருகிறது. பிறகு பூச்சு எதற்கு? காரணம் அந்த அலைநீளப் பட்டைகள். வாயு ஒரு சில நோட்டு வகைகளில் மட்டும் சம்பளம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொளிக்கும் சுவர் அதே நோட்டுகளைத் திருப்பித் தருகிறது. வழியில் வாயுவே அவற்றை மீண்டும் பிடுங்கிக்கொள்ளும். உறிஞ்சி உமிழும் சுவரோ அதை எல்லா வகைச் சில்லறையாகவும் மாற்றித் தருகிறது. வாயு கண்டுகொள்ளாத அலைநீளங்களின் வழியே அந்தக் கதிர் நேராகப் பொருளைச் சேர்கிறது. ஆக, பயன் உண்டு. வெண்மையான செராமிக் இழைப் பலகைகள் உயர்ந்த சூட்டில் உமிழ்திறனை இழப்பதால் அங்கே பயன் கூடுதல். ஆனால் புகையின் சூட்டை மீட்காத உலையில் பூச்சு அடிப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கும் வேலை.

சூடான காற்றுக்கு ஒரு தண்டனையும் உண்டு. காற்று சூடானால் சுடர் இன்னும் சூடாகும்; மிகச் சூடான சுடரில் அதுவரை சும்மா இருந்த நைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகும். நகரத்துப் புகைமூட்டத்துக்குக் காரணமான வாயுக்கள் அவை. எரிபொருளை மிச்சப்படுத்தினால் நச்சு கூடும் என்ற இந்த இழுபறியில் உலைத்துறை பல காலம் சிக்கிக் கிடந்தது.

முடிச்சு அவிழ்ந்தது 1989-இல், ஜெர்மனியில். யோஆகிம் வூனிங் என்பவர் தானே காற்றைச் சூடாக்கிக்கொள்ளும் பர்னர் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். உலை 1,000 டிகிரி, காற்று ஏறத்தாழ 650 டிகிரி. பார்வைத் துளையில் சுடரைக் காணோம். புற ஊதாக் கதிரைக் கொண்டு சுடரை உணரும் கருவியும் ஒன்றுமில்லை என்றது. ஆனால் எரிவாயு முழுமையாக எரிந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு இல்லை, நைட்ரஜன் ஆக்சைடும் கிட்டத்தட்ட இல்லை. வேகமாகப் பாயும் காற்று, உலைக்குள் இருந்த எரிந்த புகையையே பெருமளவு தன்னோடு இழுத்துக் கலந்துகொண்டதால், எரிபொருளுக்கு ஆக்சிஜன் நீர்த்துப்போன வடிவில்தான் கிடைத்தது. ஓரிடத்தில் கூர்மையாக எரிவதற்குப் பதில் உலையின் பெரும் பரப்பில் மெல்ல எரிந்தது. உச்ச வெப்பநிலை இல்லை, அதனால் நச்சும் இல்லை. சுடரற்ற எரிப்பு என்று அதற்குப் பெயர் வந்தது.

ஜப்பானியர்கள் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்தார்கள். சீமென்ஸின் செங்கல் அறைகளைச் சுருக்கி, தேன்கூடு போன்ற செராமிக் கட்டிகளாக்கி பர்னருக்குள்ளேயே வைத்து, அரை நிமிடம் அளவிலான இடைவெளியில் திசை மாற்றினார்கள். காற்று 1,000 டிகிரிக்கு மேல் சூடானது. 1993 முதல் 1999 வரை அரசின் நெடோ அமைப்பு நடத்திய உயர்திறன் உலைத் திட்டத்தின் இலக்கு, எரிபொருளில் 30 சதவீதக் குறைவு.

இந்த இரண்டும் அதிகம் பலன் கொடுத்த இடங்களில் ஒன்று கதிர்க்குழாய். கார்களுக்கான எஃகுத் தகட்டைப் பதப்படுத்தும்போது புகை அதைத் தொடக்கூடாது. தொட்டால் துருவேறி, துத்தநாகப் பூச்சு ஒட்டாது. தகடு நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த சூழலில் ஓடும். தீ, நிக்கல்–குரோமியக் கலவைக் குழாய்க்குள் அடைபட்டு எரியும். செஞ்சூடான குழாய் தகட்டுக்குக் கதிரை அனுப்பும். பெரிய அளவில் எழுதிய மேன்டில் என்றே இதைச் சொல்லலாம். சாதாரணச் சுடர் பர்னருக்கு அருகே குழாயை அதிகம் சூடாக்கும். அந்த இடம்தான் முதலில் வளைந்து வெடிக்கும். சுடரற்ற எரிப்பில் குழாய் முழுதும் ஒரே சீரான நிறத்தில் ஒளிரும், ஆயுளும் நீளும். மீட்பு இல்லாத கதிர்க்குழாயின் திறன் ஏறத்தாழ 50 சதவீதம். நல்ல ரெக்யூபரேட்டரோடு 70-ஐத் தொடும், தேன்கூட்டு மீட்போடு 80-ஐத் தாண்டும்.

குறைந்த சூட்டு வேலைகளில் கணக்கு வேறு. காகிதத்தையோ வண்ணப்பூச்சையோ உலர்த்த, துளையிட்ட செராமிக் தகட்டின் மேற்பரப்பிலேயே எரிவாயுவை எரித்துத் தகட்டை 900, 1,000 டிகிரிக்குச் செஞ்சூடாக்கும் அகச்சிவப்பு பர்னர்கள் உண்டு. அவை எரிபொருளில் 30 முதல் 50 சதவீதத்தைக் கதிராக்கும்; மீதி சூடான காற்று. அந்தக் காற்றை அடுத்த உலர்த்தும் கட்டத்துக்குத் திருப்பிவிடாத ஆலை பாதியைத் தெருவில் கொட்டுகிறது. இங்கே அலைநீளமும் பேசும். தண்ணீர் 3 மைக்ரான் அருகே கதிரை விழுங்கும். உமிழ்வின் உச்சம் அங்கே விழ வேண்டுமானால் பரப்பு ஏறத்தாழ 690 டிகிரியில் இருந்தால் போதும்.

விலை உயர்ந்த கருவிகளைப் பற்றிப் பேசும்போது ஓட்டைகள் மறந்துபோகின்றன. 1,200 டிகிரி உலையில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துளை ஒன்று திறந்தே இருந்தால், கதிராக மட்டும் இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடும். சுவரின் தடிமன் அதில் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவே. உள்ளே அழுத்தம் குறைந்திருந்தால் அதே துளை வழியே குளிர்ந்த காற்றும் நுழையும். அதையும் 1,200 டிகிரிக்குச் சூடாக்கிப் புகைபோக்கிக்கு அனுப்பியாக வேண்டும். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி பெரிய செலவல்ல. 2, 3 சதவீதத்தில் இருக்க வேண்டியது 8-இல் நின்றால், யாரோ தேவையில்லாத நைட்ரஜனை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். புகை வெளியேறும் வழியைக் கட்டுப்படுத்தும் டேம்பர் தட்டைத் திருத்துவது, கதவு விளிம்பில் தேய்ந்த செராமிக் கயிற்றை மாற்றுவது போன்ற வேலைகளுக்குத் திறப்பு விழா நடப்பதில்லை. அதனாலேயே பல ஆலைகளில் அவை வரிசையில் கடைசியாக நிற்கின்றன.

இப்போது இயற்கை எரிவாயுவுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிக்கும் சோதனைகள் உலைத்துறையில் நடந்துவருகின்றன. அங்கே கார்பன் டை ஆக்சைடும் இல்லை, கரித்துகளும் இல்லை. ஆனால் புகையில் நீராவியின் பங்கு 19 சதவீதத்திலிருந்து 35 வரை உயர்வதால் வாயுவின் கதிர்வீச்சு முற்றிலும் கைவிடாது. சுடர் வேகமும் வெப்பமும் கூடுவதால் நைட்ரஜன் ஆக்சைடு பிரச்சினை மறுபடி தலைதூக்கும். புகையை உள்ளேயே கலக்கும் சுடரற்ற முறை அங்கும் உதவுகிறது. பாதுகாப்பில் மட்டும் புதிய தலைவலி. சுடரில் உண்டாகும் மின்னேற்ற அணுக்களைத் தேடும் வழக்கமான கம்பி உணரி, தூய ஹைட்ரஜன் சுடரை அடையாளம் காணாது. புற ஊதா உணரிக்கு ஹைட்ரஜன் சுடர் தெரியும், சுடரற்ற எரிப்பு தெரியாது. எனவே இப்படிப்பட்ட உலைகளில், வெப்பநிலை 850 டிகிரியைத் தாண்டும் வரை சாதாரணச் சுடரோடு எரித்து, அதற்கு மேல் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும் என்ற உறுதியில், வால்வைத் திறந்துவைக்கும் அதிகாரத்தைச் சுடர் உணரியிடமிருந்து வாங்கி, சுவரில் செருகிய வெப்பநிலை உணரியான தெர்மோகப்பிளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.